வடகோடிப் பள்ளிவாசலுக்கு ஒரு குடும்பப் பயணம்



கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் சென்றுவர வேண்டும் என்ற ஆவல் எல்லா வீடுகளிலும் எழுகின்றது. நம் சமுதாயத்துப் பிள்ளைகளில் சிலர் இன்று கனடாவில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அந்நாட்டில் காரிலேயே சென்று வரக்கூடிய ஒரு நெடும்பயணத்தை உங்கள் மனக்கண்முன் வைக்க விரும்புகின்றோம். அதன் தொடக்கத்திலும் பள்ளிவாசல் உண்டு. முடிவிலும் பள்ளிவாசல் உண்டு.

எட்மண்டன் நகரில் 1938-இல் எழுந்த அல் ரஷீத் பள்ளிவாசலே கனடாவின் முதல் பள்ளிவாசல். அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் சென்றால் வொயிட்ஹார்ஸ் நகரம். மேலும் சுமார் 500 கிலோமீட்டர் கடந்தால் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை பிரிகின்றது. 1979-இல் திறக்கப்பட்ட இச்சாலை ஏறக்குறைய 740 கிலோமீட்டர் ஓடி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, இனுவிக் என்னும் சிற்றூரை அடைகின்றது.

நெடுஞ்சாலை என்றதும் நம்மூர்ச் சாலையை எண்ணிவிடாதீர்கள். இதன் பெரும்பகுதி சரளைக் கல் பாதையே. பூமிக்கடியில் ஆண்டு முழுவதும் உருகாத உறைபனி இருக்கின்றது. அது உருகினால் சாலை அமிழ்ந்துவிடும் என்பதால், வெப்பம் உள்ளே இறங்காதவாறு சரளையைக் கனமாகக் கொட்டி மேடாக்கியுள்ளனர். கூரிய கற்கள் டயர்களைக் கிழித்துவிடும். ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வேண்டும். முதல் 369 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடைக்காது. வழியின் பெரும்பகுதியில் செல்போனும் எடுக்காது. இடையே குறுக்கிடும் பீல், மெக்கன்சி ஆகிய இரு பேராறுகளைக் கோடையில் ஃபெர்ரியிலும், குளிர்காலத்தில் உறைந்த பனியின் மீதும் கடக்க வேண்டும். பனி உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் பாதையே அடைபட்டுவிடும்.

சாலை பிரிந்த 71-ஆவது கிலோமீட்டரில், டூம்ஸ்டோன் மலைகளின் அடிவாரத்தில் கூடாரமிட்டுத் தங்க ஓர் இடம் உண்டு. தாய்மார்கள் இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. கரடிகள் நடமாடும் காடு அது. நம் சமையலின் மசாலா மணம் வெகுதூரம் செல்லும். ஆகவே உணவையோ எச்சில் பாத்திரத்தையோ கூடாரத்திற்குள் வைத்துக்கொண்டு உறங்கலாகாது.

தொழுகை எப்படி என்று கேட்பீர்கள். பயணிக்கு மார்க்கம் கஸ்ரு என்னும் சலுகையை வழங்கியுள்ளது. சேர்த்துத் தொழுவதில் அவரவர் மத்ஹபின் சட்டத்தைப் பேணிக்கொள்ளலாம். கிப்லா நமக்கு மேற்கே. அங்கோ ஏறத்தாழ நேர் வடக்கே. உருண்டையான பூமியில் மக்காவுக்குரிய மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிச் செல்வதே இதற்குக் காரணம். ஆனால் அங்கே திசைகாட்டியின் முள் உண்மையான வடக்கிலிருந்து பல பாகைகள் விலகி நிற்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கோடையில் இனுவிக்கில் ஐம்பது நாட்களுக்கும் மேலாகச் சூரியன் மறைவதே இல்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் நேரம் காண்பது எவ்வாறு? இரவும் பகலும் பிரிந்து தெரிகின்ற, அண்மையிலுள்ள ஊரின் நேரத்தைப் பின்பற்றலாம் என்று மார்க்க அறிஞர்கள் வழி கூறியுள்ளனர்.

இனி, இச்சாலையின் பெயருக்குப் பின்னுள்ள வரலாற்றைக் கேளுங்கள். 1910 டிசம்பரில் கனடாவின் குதிரைப்படைப் போலீசார் நால்வர், ஃபோர்ட் மெக்ஃபெர்சன் என்னும் ஊரிலிருந்து டாசன் நகருக்கு நாய் வண்டிகளில் புறப்பட்டனர். விரைந்து போய்ச் சேரும் எண்ணத்தில் உணவுச் சுமையைக் குறைத்துக்கொண்டனர். அந்த மண்ணின் மைந்தரான குவிச்சின் இனத்தவர் ஒருவர் சில நாட்கள் வழிகாட்டினார். தம்முள் ஒருவருக்குப் பாதை தெரியும் என்று நம்பி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர். நம்பப்பட்டவரோ அவ்வழியில் ஒரே ஒருமுறை, அதுவும் எதிர்த்திசையில் வந்தவர். வழி தவறியது, உணவு தீர்ந்தது. வண்டியிழுத்த நாய்களையே உண்ணும் நிலை வந்தது. ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை. 1911 மார்ச்சில் அவர்களைத் தேடிச் சென்று உடல்களைக் கண்டெடுத்தவரே டெம்ப்ஸ்டர். அந்நால்வரின் கல்லறைகளை வழிப்போக்கர் இன்றும் ஃபோர்ட் மெக்ஃபெர்சனில் காணலாம்.

இதன் அருகில் மற்றொரு பயணத்தை வைத்துப் பாருங்கள். ஹிஜ்ரத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் பாலைவழி நன்கறிந்த அப்துல்லாஹ் பின் உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். இறைத்தூதரே வழியறிந்தவரை நாடினார்கள் என்றால், நமக்கு ஏன் இந்த வீறாப்பு? "எனக்குத் தெரியும்" என்ற குடும்பத் தலைவரின் ஒரு சொல், பின்னிருக்கையில் உறங்கும் பச்சிளங் குழந்தைகளின் உயிரோடு விளையாடிவிடும். பெட்ரோல் பங்கில் இருப்பவரிடமும், எதிரே வரும் லாரி ஓட்டுநரிடமும், அவ்வூர் மக்களிடமும் கேளுங்கள். கேட்பது தவக்குல்லுக்கு மாறானதன்று. அதன் ஒரு பகுதியே ஆகும்.

பயணத்தின் முடிவில் இனுவிக் பள்ளிவாசல் உங்களை வரவேற்கும். அங்குள்ள சிறு ஜமாஅத்தினர் ஒரு சிறிய டிரெய்லரில் தொழுது வந்தனர். அவ்வூரில் கட்டடச் செலவு தாங்க முடியாதது. ஆகவே வின்னிபெக்கில் பள்ளியைக் கட்டி, 2010-இல் லாரியிலும் ஆற்றுத் தெப்பத்திலுமாக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கொண்டுவந்து சேர்த்தனர். ஆறு உறைவதற்குள் வந்தாக வேண்டும். அந்தப் பருவத்தின் கடைசித் தெப்பத்தில் அல்லாஹ்வின் இல்லம் வந்து இறங்கியது! வழியும் காலமும் அறிந்தவர்களின் துணையின்றி அது நடந்திருக்குமா? சிந்தித்துப் பாருங்கள்.

பிள்ளைகளுடன் புறப்படும் முன் பயண துஆவை ஓதுங்கள், ஒருவரை அமீராக்கிக்கொள்ளுங்கள், அந்த அமீர் கேட்கத் தயங்காதவராக இருக்கட்டும். வல்ல நாயன் நம் பயணங்கள் அனைத்தையும் நலமாக்கி, வீடு திரும்பச் செய்வானாக! ஆமீன்.