கறிக்கு வளவு, சோற்றுக்கு வயல்

இலங்கையின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில், 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே போனால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற எழுவான்கரை ஊர்களில் ஒன்று செட்டிபாளையம். இப்படியான ஊர்களில் மண்ணெண்ணெய் விலை என்பது நேரடியாகச் சோற்றுக் கோப்பையின் விலை. இயந்திரம் ஓடாவிட்டால் தோணி கரையில் கிடக்கும். மீன் வராவிட்டால் விற்கவும் இல்லை, கறி வைக்கவும் இல்லை. அந்த ஆண்டு டீசல் தட்டுப்பாட்டால் மலைநாட்டுக் கரட்டும் கோவாவும் போஞ்சியும் ஏற்றி வரும் லொறிகளும் குறைந்தன. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தைய ஆண்டு ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு இரண்டாயிரம் ரூபா வரை கொடுக்க வேண்டியிருந்தது. நாடு முழுவதும் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பை இழந்திருப்பதாக ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன.

வளவைக் கொத்துங்கள் என்ற குரல் அந்த ஆண்டில்தான் எல்லாப் பக்கமிருந்தும் கேட்டது. வீட்டுத் தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கவும் 2022 ஜூனில் அமைச்சரவை முடிவெடுத்தது. மாதச் சம்பளம் உள்ளவருக்கு அது சரி. கூலிக்குப் போகிறவருக்கு வெள்ளிக்கிழமையும் கூலிநாள்தான்.

வீட்டுத் தோட்டம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது எதைத் தரும், எதைத் தராது என்று முதலே சொல்லிவிட வேண்டும். இலங்கையில் ஓர் ஆள் ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் அரிசி சாப்பிடுகிறார். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 500 கிலோ. நெல்லைக் குற்றினால் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசி. அதற்கே கிட்டத்தட்ட அரை ஏக்கர் வயல் வேண்டும், அதாவது 80 பேர்ச். எழுவான்கரையில் பலருடைய வளவு, வீடும் கிணறும் மலசலகூடமும் சேர்ந்தே 10 பேர்ச், 20 பேர்ச்தான். சோறு என்றைக்கும் வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்களிலிருந்தே வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது அடிபட்டது அந்த வயல்தான். அந்த இழப்பை எந்த வளவுக் கத்தரியும் ஈடுசெய்யாது.

வளவு தருவது கறி. நெருக்கடியில் முதலில் கோப்பையை விட்டுப் போவதும் கறிதான். கையில் காசு குறைந்தால் அரிசியை எப்படியாவது வாங்குவார்கள். மீனும் முட்டையும் மரக்கறியும் நின்றுபோகும், பிள்ளைகள் வெறும் சோற்றோடும் சம்பலோடும் பள்ளிக்கூடம் போவார்கள். வயிறு நிறைந்திருப்பதால் இந்தப் பசி வெளியே தெரிவதில்லை. ஒரு முருங்கை, ஒரு பந்தல் பசளி, வேலியில் ஏறும் பயற்றங்காய், கிணற்றடியில் பொன்னாங்காணியும் வல்லாரையும், நாலு கத்தரி, நாலு கொச்சிக்காய்க் கன்று இருந்தால் போதும். இரும்புச் சத்தும் விற்றமின் ஏயும் கோப்பைக்குத் திரும்பி வரும்.

இந்த மண்ணில் அதுவும் இலேசில் வராது. கடற்கரை மணல், ஊற்றிய தண்ணீரை வைத்திருக்காது. தென்னை உள்ள வளவுகளில் அதற்கு ஒரு வழி உண்டு. முழங்கை ஆழத்தில் குழி வெட்டி, தேங்காய்ப் பொச்சு மட்டையை உட்புறம் மேலே பார்க்க நெருக்கி அடுக்க வேண்டும். மேலே காய்ந்த மாட்டெருவும் சருகும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் போட்டு, வெட்டிய மணலைக் கலந்து மூடிக் கன்றை நடலாம். பொச்சு உறிஞ்சி வைத்த தண்ணீரைக் கன்று மெல்ல எடுத்துக்கொள்ளும். கோடையில் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் வாடாது. மாரியில் நிலைமை தலைகீழ். நிலத்தடி நீர் மேலெழுந்து வளவு ஊறிப்போகும், வேர் அழுகும். அந்த மாதங்களில் கீரையையும் நாற்றுகளையும் பழைய வாளியிலும் உரப்பையிலும் உயர்த்தி வைத்தால்தான் தப்பும்.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே நல்ல தண்ணீர், கீழே கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று அளவுக்கு மீறி இறைத்ததால் அந்தப் படை குலைந்து, சில இடங்களில் உவர்ப்பு கூடியது. மழை கழுவ மணல் விரைவில் தேறியது, கிணறுகள் தேறக் கூடுதல் காலம் எடுத்தது. எல்லா வளவிலும் மோட்டர் பூட்டி நாள்முழுக்க இறைக்கச் சொல்லும் திட்டம் எதுவானாலும் இந்த ஊர்களுக்கு ஆபத்து. மணலில் அள்ளிப் போடும் யூரியாவும் அப்படித்தான். மழையோடு நைத்திரேற்றாகக் கரைந்து இறங்கி, குடிக்கிற கிணற்றுக்கே வந்து சேரும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிடுவதும், எருவை அளவோடு போடுவதும் இங்கே கட்டாயம்.

திட்டம் போடுகிறவர்கள் தவறவிடும் இன்னொன்று, நிலம் யாருடையது என்பது. மட்டக்களப்பில் வீடும் வளவும் சீதனமாக மகளுக்குத்தான் போகும். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வருகிறான். அதனால் வளவு இங்கே பெண்ணின் சொத்து. என்ன நடுவது, எந்த மரத்தை வெட்டுவது என்று அவள் சொன்னால் செல்லும். இது இந்தக் கரைக்குக் கிடைத்திருக்கும் பெரிய பலம். பங்களாதேசில் ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் நிறுவனம் 1990களிலிருந்து பெண்களை மையமாக வைத்து நடத்திய வீட்டுத் தோட்டத் திட்டத்தில், வீட்டார் மரக்கறி உண்பது கூடியது, விற்ற காசும் பெரும்பாலும் பெண்கள் கையில் நின்றது. ஆனால் மகள்மாருக்குப் பிரித்துப் பிரித்து வளவு சுருங்கிக்கொண்டும் வருகிறது. சமையல், பிள்ளை, கடன் தவணை எல்லாவற்றுக்கும் மேலே நாட்டின் பட்டினியைத் தீர்க்கும் வேலையையும் அவள் தலையில் ஏற்றுவது அநியாயம். கன்றுகளை மட்டும் கொடுத்துப் படம் எடுத்துப் போவதை நான் உதவியாக எண்ணவில்லை. கட்டாக்காலி மாடு ஓர் இரவு புகுந்தால் மூன்று மாத உழைப்பு போய்விடும். கன்றோடு வேலிக்குக் கம்பியும் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் விதை. கடையில் வாங்கும் கலப்பின விதை நன்றாகக் காய்க்கும், அடுத்த தலைமுறையில் தாய்க் குணம் சிதறிப்போகும். நெருக்கடியில் டொலரோடு அதன் விலையும் ஏறும். வெண்டியும் பயற்றையும் கத்தரியும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. நாட்டு இனத்தில் இரண்டு நல்ல மரத்தை அடையாளம் கட்டி, காயை முற்றவிட்டு எடுத்தால் விதை பெரும்பாலும் பிசகாது. பூசணியும் பீர்க்கும் பக்கத்து வளவு இனத்தோடு எளிதில் கலக்கும், அவற்றுக்கு நாலு வீட்டார் பேசி ஒரே இனத்தைப் போட வேண்டும். கமநல சேவை நிலையமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து, மாரி தொடங்குமுன் புரட்டாதியிலேயே ஊருக்குள் விதை மாற்றும் நாள் ஒன்றை வைக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை. அடுத்த தட்டுப்பாடு வந்தபின் விதை தேடினால், அது காய்க்க இரண்டு மாதம் பிள்ளைகள் காத்திருக்க வேண்டிவரும்.