அப்பா எழுதிய உயிலுக்கு கோர்ட் போகணுமா?

முதலில் டீயைக் குடியுங்கள். இந்து குடும்பம், அப்பா சென்னை நகர எல்லைக்கு வெளியே, படப்பையிலேயே உட்கார்ந்து எழுதிய உயில், சொத்தும் படப்பையில்தான் என்றால் அதற்குப் புரொபேட், அதாவது உயிலை நீதிமன்றம் உறுதிசெய்து தரும் சான்று, கட்டாயமில்லை. எப்போதுமே இருந்ததில்லை.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு சென்னை, பம்பாய் நகர எல்லைகளிலும் பழைய வங்காளப் பகுதியிலும் மட்டும்தான் அதைக் கட்டாயமாக வைத்திருந்தது. அதனால் ஒரே மனிதர் விட்டுப்போன மயிலாப்பூர் வீட்டுக்கு உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது, படப்பை மனைக்கு வேண்டியிருக்கவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது.

அதற்காக உயிலை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைத் தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் வேண்டும். நாளைக்கு உங்கள் அக்கா வழக்குப் போட்டால், அந்த இருவரில் உயிரோடு இருப்பவர் ஒருவராவது கூண்டேறி, “அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்” என்று சொல்ல வேண்டியிருக்கும். மரியாதைக்காக ஊரிலேயே மூத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். உயிலை எழுதியவருக்கு முன்பே சாட்சி போய்ச் சேர்ந்துவிடுகிறார். வயதில் சின்னவர்களைக் கூப்பிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தும் வையுங்கள்.

உயிலே இல்லாவிட்டால்தான் அலைச்சல். ஜெயலலிதா 2016 டிசம்பரில் இறந்தார். உயில் எதுவும் வெளிவரவில்லை. அண்ணன் மக்களான தீபாவையும் தீபக்கையும் வாரிசுகள் என்று உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் அறிவித்தது. நினைவில்லமாக்க அரசு எடுத்துக்கொண்ட அவரது வீடான வேதா நிலையம் அவர்கள் கைக்கு வர 2021 டிசம்பர் ஆகிவிட்டது.

நம் வீடுகளில் முதல் காகிதம் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். யார் யார் வாரிசு என்பதை மட்டுமே அது சொல்லும், யாருக்கு எந்தப் பக்கம் என்று பிரித்துத் தராது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் அம்மா, மகன்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடிருந்தால் அவருக்கும் அதே பங்குதான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவியை மறந்துவிட்டுப் பிள்ளைகள் மட்டும் கூடிப் போடும் பாகப்பிரிவினை பின்னால் கோர்ட்டில் நிற்காது. அவருக்குப் பங்கு வேண்டாம் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும், அதுவும் அவராக மனமுவந்து.

ஒரகடம் பக்கம் இன்னும் தாத்தா பெயரில் பட்டா இருக்கும் நிலங்கள் உண்டு. அப்படிப்பட்ட நிலம் கையகப்படுத்தலில் போய், பங்காளிகளுக்குள் சண்டையும் இருந்தால், இழப்பீட்டுப் பணம் கோர்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்திரம் முடித்துப் பட்டாவை மாற்றிவிடுங்கள். பட்டா மட்டும் மாறிவிட்டால் சொத்து உங்களுடையதாகிவிடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

வங்கி நாமினியும் அப்படித்தான். பணத்தை வாங்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது வாரிசுகளின் பணம். கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று: கல்யாணத்துக்கு முன் பிஎஃப்-இல் போட்ட நாமினி, கல்யாணம் ஆனதும் செல்லாது. பிஎஃப்-உடன் சேர்ந்த காப்பீடே 7 லட்சம் ரூபாய் வரை வரும். உங்கள் தம்பிக்குப் போன மாதம்தானே கல்யாணம் ஆனது? இன்று ஷிப்ட் முடிந்து வந்ததும் அவர் பிஎஃப் கணக்கைத் திறந்து, மனைவி பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.