நடுவழியில் திரும்பியவர்கள் – 7: ஒரு கையெழுத்துக்காக ஆறு வருடம்

ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே, அங்கேயே 30 வயதில் மருத்துவ மாணவராகப் போய் உட்கார்ந்த ஆல்பர்ட் ஷ்வைட்சரைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் மனத்தில் ஆப்பிரிக்கா இருந்தது. இந்த வாரம் பார்க்கப்போகும் பெண்மணி எங்கும் கப்பலேறவில்லை. லண்டனில், தான் ஏற்கெனவே இரண்டு வேலைகள் பார்த்த அதே மருத்துவமனையின் கல்லூரியில், 33 வயதில் மாணவியாகச் சேர்ந்தார். பெயர் சிசிலி சாண்டர்ஸ்.

பாதி வயதில் வேலையை விட்டுவிட்டு மருத்துவம் படிக்க வருகிறவர்களை எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நோயாளிகளுக்கு உதவத்தானே ஆசை? அதற்கு நர்ஸ் ஆகலாம், சமூகப் பணிக்குப் போகலாம். டாக்டராகத்தான் ஆக வேண்டுமா? பலர் இந்த இடத்தில் தடுமாறிப்போவார்கள். சிசிலிக்கு அந்தச் சிரமம் இல்லை. அந்த இரண்டு வேலையையும் அவர் பார்த்து முடித்திருந்தார்.

1918இல் வசதியான வீட்டில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் அரசியல், தத்துவம், பொருளாதாரம் படித்துக்கொண்டிருக்கையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நைட்டிங்கேல் பள்ளியில் நர்ஸ் பயிற்சிக்குப் போனார். அந்த வேலை அவருக்கு அப்படியே பிடித்துப்போயிற்று. முதுகுதான் ஒத்துழைக்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டவும், தூக்கி உட்கார வைக்கவும் நர்ஸுக்கு முதுகில் வலு வேண்டும். சிசிலிக்கு முதுகெலும்பு சற்றே வளைந்தது. பயிற்சி முடிந்த கையோடு வார்டை விட்டு விலக வேண்டியதாயிற்று.

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பி விட்ட படிப்பை முடித்தார். பிறகு அல்மோனர் ஆனார். இன்றைய மருத்துவச் சமூகப் பணியாளருக்கு அன்று அங்கே அதுதான் பெயர். நோயாளியால் எவ்வளவு கட்டணம் கட்ட முடியும் என்று கணக்குப் பார்ப்பது, வீட்டுக்குப் போனால் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று விசாரிப்பது, இல்லாவிட்டால் ஏதாவது ஏற்பாடு செய்வது. முதுகுக்குப் பாதகமில்லாத வேலை.

1947இல் செயின்ட் தாமஸில் அவர் பொறுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் டேவிட் டாஸ்மா. போலந்து நாட்டு யூதர். லண்டனில் உணவகப் பணியாளர். வயது நாற்பதை ஒட்டி. அறுவை சிகிச்சைக்கு எட்டாத புற்றுநோய். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. ஒரு கட்டத்தில் அவர் ஆர்ச்வே மருத்துவமனையின் இரைச்சலான வார்டில் படுத்துவிட, சிசிலி திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். சாகப்போகிறவர்கள் நிம்மதியாக இருக்க ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். 1948 பிப்ரவரியில் டாஸ்மா இறந்தார். சிசிலிக்கு 500 பவுண்டு எழுதி வைத்திருந்தார். நீ கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்று சொல்லியிருந்தார்.

அதன் பிறகு சிசிலி, வேலை முடிந்த மாலைகளில், பேஸ்வாட்டரில் இருந்த செயின்ட் லூக்ஸ் இல்லத்துக்குத் தன்னார்வ நர்ஸாகப் போகத் தொடங்கினார். கடைசி நாட்களில் இருக்கும் ஏழைகளுக்கான இல்லம் அது. அங்கேதான் அவர் கண் திறந்தது.

மற்ற மருத்துவமனைகளில் மார்ஃபின் விஷயத்தில், அழுத பிள்ளைக்குத்தான் பால். வலி தாங்காமல் நோயாளி துடித்துக் கேட்ட பிறகு ஊசி போடுவார்கள். அடிமையாகிவிடுவாரோ என்ற பயத்தில் அடுத்த ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். அதற்குள் வலி மறுபடி ஏறிவிடும். செயின்ட் லூக்ஸிலோ கடிகாரத்தைப் பார்த்து, குறித்த நேரத்துக்கு, வலி தலையெடுக்கும் முன்பே வாய்வழியாக மருந்து கொடுத்தார்கள். நோயாளிகள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு எளிய காரியத்தை ஊரெல்லாம் ஏன் செய்யவில்லை? மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் செயின்ட் லூக்ஸுக்கு வந்து பார்க்கவில்லை. வந்து பார்த்த சிசிலிக்கோ கையெழுத்துப் போடும் உரிமை இல்லை.

முதுகு எப்படியானாலும் சரி, இரவு நர்ஸாகவாவது இந்த வேலைக்கே போய்விடுகிறேன் என்று அவர் ஒரு மருத்துவரிடம் சொன்னார். அவர் நார்மன் பாரெட். உணவுக்குழாய் நோய் ஒன்றுக்கு இன்றும் பெயராக நிற்கும் அறுவை சிகிச்சை நிபுணர். பாரெட்டின் பதில் சுருக்கமானது: போய் மருத்துவம் படி. சாகப்போகிறவர்களைக் கைவிடுவது டாக்டர்கள்தான். நர்ஸ் சொன்னால் அவர்கள் காதில் ஏறாது. வலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதும் எவ்வளவோ இருக்கிறது.

அறிவுரை சொன்னவரும் டாக்டர். குற்றம் சாட்டப்பட்டவர்களும் டாக்டர்கள். தன் கூட்டத்தின் காது எப்படிப்பட்டது என்று தெரிந்தவர் சொன்னதால், அதற்கு மதிப்பு இருந்தது.

1951இல் செயின்ட் தாமஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த தத்துவமும் பொருளாதாரமும் உடற்கூறியல் மேசையில் செல்லாக்காசு. சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர் மறுபடி பரீட்சைக்கு மனப்பாடம் செய்தார். தேறி வெளியே வந்தது 1957இல், 39 வயதை ஒட்டி.

அந்த ஆறு வருடம் அவருக்குத் தந்தது பேனா ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதை எழுத வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது. பின்னாளில் ‘முழு வலி’ என்ற கருத்தை அவர் முன்வைத்தார்: சாகப்போகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை; மனத்தில், குடும்பத்தில், நம்பிக்கையில் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. உடம்பு வலியை நர்ஸாக இரவெல்லாம் கூட இருந்து பார்த்தவர் அவர். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கதியும் நோயாளியை எப்படி அரிக்கும் என்பது அல்மோனராகத் தெரிந்தது. பள்ளி முடித்து நேராக வந்த மாணவர்களுக்கு இந்த இரண்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

கையில் பட்டம் வந்துவிட்டது. 1958இல் அதை எடுத்துக்கொண்டு அவர் போன இடம், கிழக்கு லண்டனின் ஹாக்னியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் இல்லம். செயின்ட் லூக்ஸின் கடிகாரத்தை அங்கே மாட்டினால் என்ன நடக்கும்? கட்டடமே இல்லாமல் பத்து வருடமாகக் காத்திருந்த அந்தச் சன்னல் என்ன ஆயிற்று?

(அடுத்த வாரம்)