சங்கு வரைந்த கை

"டாக்டரய்யா, இந்தப் பந்தை நீங்களே வெச்சுக்குங்க. நான் என்ன சின்னப் புள்ளையா?"

என் மேஜை மேல் ரப்பர் பந்தைப் போட்டார் அந்தப் பெரியவர். எங்கள் பள்ளிப்பட்டில் அரை ஆயுசைத் தறியோடு கழித்தவர். வயது 61. பக்கவாதம் வந்து மூன்று மாசம். வலது கை சரியாக வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும், கைக்குப் பயிற்சியும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மாத்திரையை விழுங்குகிறார். பயிற்சியைத்தான் தொடுவதில்லை.

"நைனா எதுக்குமே மாட்டேங்கறார் சார். சுவத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்துடறார்" என்று மகள் கண் கலங்கினாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால் என்னைத் தேடி வராதீர்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். எங்கள் சித்த வைத்தியமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அன்றைக்கு மேஜையில் ஒரு சங்கு கிடந்தது. சுத்தி செய்து பற்பமாக்க வாங்கியது. பெரியவர் இடது கையால் அதை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இது எந்தப் பக்கம் சுத்துது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை! கல்லூரியில் குணபாடம் படித்தபோது சீவ வகுப்பில் சங்கு, பலகறை, முத்துச்சிப்பி, நத்தை எல்லாம் பாடம்தான். ஆனால் என் கண்ணுக்குச் சங்கு என்றால் புடம் போடுகிற சரக்கு. எரித்தால் வெள்ளைப் பொடி. அதன் உருவத்தை நின்று பார்த்ததே இல்லை.

அவரோ ஒரு காலத்தில் கட்டம் போட்ட தாளில் கரை டிசைன் போட்டவர். பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்கி வலது கையில் வைத்தேன். "வரைஞ்சு பாருங்கண்ணே. எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரிஞ்சுடும்."

முதல் நாள் வந்தது கிறுக்கல். பத்து நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் தீர்ந்தது. காரணம் இருக்கிறது. நத்தையோ சங்கோ, பழைய ஓட்டைக் கழற்றிப் போடுவதில்லை. வாய் ஓரத்தில் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துச் சேர்த்தே வளர்கிறது. உச்சியில் இருக்கும் புள்ளிதான் அதன் குழந்தைப் பருவம். அங்கே பென்சிலை வைத்துவிட்டால் அடுத்த சுற்று எங்கே போக வேண்டும் என்று ஓடே சொல்லிவிடும். பாதியில் நிறுத்த மனசு வராது. பந்தை எத்தனை தரம் அமுக்கினாலும் அது பந்துதானே? நோக்கத்தோடு திரும்பத் திரும்பச் செய்கிற வேலையில்தான் மூளை புது வழி பழகுகிறது என்று நரம்பியல் மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

ஒரு சங்கு போதவில்லை. திருத்தணியில் ரயிலேறி, அப்பாவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள் மகள். 1851-ல் தொடங்கியது அது. முதலில் பொறுப்பேற்று நடத்திய எட்வர்ட் பால்ஃபரும் ஒரு டாக்டர்தான்! கண்ணாடிப் பெட்டிக்குள் சோழிகள், சிப்பிகள், நத்தை ஓடுகள். மனிதர் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நகரவில்லையாம்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை வரைந்ததில்தான் கிடைத்தது. உச்சி மேலே, வாய் நம்மைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். சாதாரணச் சங்குக்கு வாய் வலப்பக்கம் வரும். அபூர்வமான வலம்புரிக்கு இடப்பக்கம். பெயர் தப்போ என்று குழம்ப வேண்டாம். நம் முன்னோர் உச்சியைக் கீழே வைத்துப் பார்த்தார்கள். அப்போது வலம்புரியின் வாய் வலப்பக்கம் வந்துவிடும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். "வாய்க்குள்ள தூண்ல மூணு நாலு மடிப்பு இருக்கு, புடவைக் கொசுவம் மாதிரி." அசல் சங்குக்கு அடையாளமே அதுதான். அமெரிக்கக் கடலில் இயல்பாகவே இடப்பக்கம் வாயுள்ள வேறொரு சங்கு உண்டு. அதை வலம்புரி என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். அதில் இந்த மடிப்பு கிடையாது. பூஜைக்கு வாங்குகிறவர்கள் கவனியுங்கள்.

நீங்களும் வீட்டில் செய்யலாம். ஜன்னல் வெளிச்சம், ஒரே ஓடு, பதினைந்து நிமிஷம். கை வலித்தால் நிறுத்திவிடுங்கள். மருத்துவர் சொன்ன பயிற்சியையும் விடக்கூடாது. மழையில் ஊரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் குழந்தைகள் வெறும் கையால் தொடக்கூடாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கலாம். 1847-ல் ஓடு சேகரிக்கிற ஒருவர் கொல்கத்தாத் தோட்டத்தில் விட்டது, இன்று நம் முருங்கை வரைக்கும் வந்துவிட்டது. என்ன ஆசையோ!

பெரியவருக்குக் கை முழுசாக வந்துவிட்டதா? இல்லை. சட்டைப் பட்டனை இன்னும் மகள்தான் போடுகிறாள். ஆனால் டம்ளரைத் தானே பிடிக்கிறார், பந்தையும் வாங்கிப் போய்விட்டார்.

போன வாரம் மழை விட்டதும் வந்தார். நோட்டில் பாதி நத்தைதான் இருந்தது.

"சங்கு சொன்னபடி நின்னுச்சு டாக்டரய்யா. இந்த நத்த, நான் வரையறதுக்குள்ள செவுரு ஏறிடுச்சு!"