சித்தப்பா காரில் செய்தி வாசிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?



சுவர் இதழுக்கு அறிவியல் கட்டுரை கேட்டார்கள். போன தடவை மண்புழு வந்துவிட்டது. அதற்கு முந்தின தடவை சூரிய கிரகணம். அதனால் நான் எங்கள் வீட்டில் நடந்த விஷயத்தையே எழுதுகிறேன்.

என் சித்தப்பா ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். கல்யாணம், காதுகுத்து, மதுரை ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் நம் தெருவில் அந்தக் கார்தான். பொங்கலுக்கு முன்னால் டவுனில் ஒரு கடையில் பாட்டு செட் மாட்டிக்கொண்டு வந்தார். முன் கதவு இரண்டிலும் ஸ்பீக்கர், டிக்கியில் பெரிய ஊஃபர் பெட்டி, சீட்டுக்கு அடியில் ஆம்பிளிஃபயர். மொத்தம் 14,000 ரூபாய். ஆம்பிளிஃபயர் அட்டைப் பெட்டியில் 1200 வாட்ஸ் என்று தங்கக் கலரில் போட்டிருந்தது. ஊஃபரைச் சுற்றி நீல லைட் வேறு எரியும்.

ஆனால் காரில் ஏறுகிறவர்கள் எல்லாம் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு தாத்தா, "தம்பி, தும்தும்முனு கேக்குது, என்ன பாடுறான்னு கேக்கலையே" என்றாராம். சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையில் போய்க் கேட்டால், "பவர் பத்தலண்ணே, 2000 வாட்ஸ் போட்டிரலாம், 11,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். சித்தியின் கம்மலை அடகு வைக்கலாம் என்று பேச்சு வந்தது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை மட்டும் ரொம்பச் சத்தமாகக் கழுவினார்.

அப்போதுதான் எங்கள் வகுப்பில் ஒலி பாடம் நடந்தது. ஒரு பாட்டு செட் நல்லதா இல்லையா என்று எப்படி டீச்சர் அளக்கிறது என்று கேட்டேன். "சத்தம் வேற, தரம் வேற. ரெண்டையும் தனித்தனியாப் பாரு" என்றார். அமெரிக்காவில் ஐயாஸ்கா என்ற அமைப்பு கார் பாட்டு செட்டுக்கே போட்டி நடத்துகிறதாம். அதில் யார் கார் அதிகச் சத்தம் என்பது ஒரு போட்டி. தரத்துக்கு வேறு போட்டி. தரப் போட்டியில் நடுவர் காருக்குள் உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போடுவார். நம்ம பேச்சுப் போட்டி மாதிரிதான்!

முதலில் வாட்ஸ் கணக்கைப் பார்த்தோம். ஆம்பிளிஃபயரில் 20 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. வண்டி ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். 14 × 20 = 280 வாட். தொடர்ந்து அதற்கு மேல் இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். அப்படியானால் 1200 எங்கிருந்து வந்தது? அட்டைப் பெட்டியிலிருந்துதான் வந்தது! பெரிய ஆம்பிளிஃபயரின் போட்டோவைப் பார்த்தோம். அதில் 30 ஆம்பியர், அதாவது 420 வாட். டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார்: பவரை 2 மடங்கு ஆக்கினாலே 3 டெசிபல்தான் கூடும். நம் காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு 10 மடங்கு பவர் வேண்டும். 280-ஐ 420 ஆக்கினால் 2 டெசிபல்கூடத் தேறாது. அதற்கா கம்மல்?

சரி, தரத்தைப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. இரண்டு விதமாக வைத்துக் கேட்டு ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக வைத்தது எப்போதும் நல்லதாகவே தோன்றும். ஏனென்றால் சத்தம் குறைந்தால் நம் காது அடித்தொனியைத்தான் முதலில் விட்டுவிடும். 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை அளந்து எழுதினார்கள். கடையில் ஏன் சத்தமாக வைத்துக் காட்டுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

போனில் டெசிபல் காட்டும் ஆப் ஏற்றினேன். போன் காட்டும் எண் துல்லியம் இல்லை, அதுவும் அடித்தொனியில் ரொம்பத் தப்பாகக் காட்டும். ஆனால் அதே போன், அதே இடம் என்றால் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடலாம். டிரைவர் சீட்டில் தலை இருக்கும் உயரத்தில் போனைத் துண்டால் கட்டினேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். என்ஜினையும் நிறுத்திவிட்டோம். (ஒன்றரை மணி நேரம் இப்படிக் கேட்டதில் பேட்டரி இறங்கிப்போய், தெருவே சேர்ந்து காரைத் தள்ளியது. நீங்கள் செய்தால் இடையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொள்ளுங்கள்.)

முதல் சோதனைக்கு நான் பாட்டு வைக்கவில்லை, ரேடியோச் செய்தி வைத்தேன். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று பிறந்ததிலிருந்து நமக்குத் தெரியும், அதனால் கோளாறு இருந்தால் உடனே பிடிபடும். ஒருவரே பேசும் குரல் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி வருகிறது. அப்போது அவர் நமக்கு முன்னால், டாஷ்போர்டு பக்கம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோலத் தோன்ற வேண்டும். எங்கள் காரில் அவர் எங்கேயுமே இல்லை! கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி, தலையைச் சுற்றி எங்கிருந்தோ வந்தது.

இரண்டாவது, நாதஸ்வரம் தவில். தவிலில் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் கனமாகவும், விரலில் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலைப் பக்கம் சுள்ளென்றும் கேட்கும். நம் கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்று கேட்டிருப்பீர்கள். காரில் இரண்டும் ஒரே தும்மாக வந்தது.

மூன்றாவது சோதனையில்தான் திருடன் மாட்டினான். ஊஃபரை அணைத்துவிட்டு, போனிலிருந்து 60 ஹெர்ட்ஸ் தொனியை மட்டும் விட்டேன். வலது ஸ்பீக்கர் மட்டும் பாடினால் 76 டெசிபல். இடது மட்டும் என்றால் 75. இரண்டும் சேர்ந்தால் கூடத்தானே வேண்டும்? 68 காட்டியது! மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். அதேதான்.

டீச்சரிடம் ஓடினேன். அவர் கரும்பலகையில் படம் போட்டார். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளும்போது காற்றில் நெருக்கம் உண்டாகும். உள்ளே இழுக்கும்போது நெகிழ்வு உண்டாகும். இரண்டு கூம்பும் ஒன்றாகத் தள்ளி ஒன்றாக இழுத்தால் ஒலி கூடும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால்? ஒன்றை ஒன்று தின்றுவிடும். அடித்தொனியின் அலை ரொம்ப நீளம், 60 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 6 மீட்டர். காருக்குள் அது நன்றாகவே தின்றுவிடும். "ஒரு பக்கம் ஒயரை மாத்திக் குடுத்திருப்பாங்க, பாரு" என்றார்.

சோதிக்க 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்று போதும். ஆம்பிளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, செல்லின் பிளஸ்ஸை பிளஸ் ஒயரிலும் மைனஸ்ஸை மைனஸ் ஒயரிலும் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். சித்தப்பா தொட்டார், நான் கதவின் வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கூம்பு வெளியே துள்ளியது. இடது கூம்பு உள்ளே போனது. அவ்வளவுதான்! இடது ஒயர்களை மாற்றிச் சொருகினோம். இரண்டும் சேர்ந்து 81 காட்டியது.

செய்தி வாசிப்பவர் டாஷ்போர்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புல்லரித்தது.

கதவு ஸ்பீக்கரில் கனம் இல்லை என்றுதான் கடையில் ஊஃபரை முக்கால்வாசி திருகி வைத்திருக்கிறார்கள். அந்தத் தும்தும்மில் வார்த்தை மூழ்கியது. இப்போது கால்வாசியே போதுமானதாக இருந்தது. நம்பர் பிளேட் அதிர்வதற்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பின்னால் வைத்தேன். செலவு இல்லை. கம்மல் சித்தியின் காதிலேயே இருக்கிறது.

ஆனாலும் டிரைவர் சீட்டில் இருந்தால் குரல் கொஞ்சம் வலது பக்கமே இழுத்தது. டேப் வைத்து அளந்தேன். காதிலிருந்து வலது ஸ்பீக்கர் 95 செ.மீ., இடது ஸ்பீக்கர் 140 செ.மீ. நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் பக்கம். 45 செ.மீ. வித்தியாசத்துக்கு 1.3 மில்லிசெகண்டு. இவ்வளவு சின்ன நேரத்தைக்கூட மூளை கண்டுபிடித்து, முதலில் வந்த பக்கமே ஆள் இருக்கிறார் என்று முடிவு பண்ணிவிடும். பேலன்ஸை இடது பக்கம் திருப்பினால் டிரைவருக்குக் கொஞ்சம் சரியாகும், பக்கத்தில் இருப்பவருக்குக் கெட்டுவிடும். "காசு குடுக்குறவங்களுக்கு நல்லாக் கேட்டாப் போதும்" என்று சித்தப்பா நடுவிலேயே விட்டுவிட்டார்.

எழுதலாமா என்று யோசித்த விஷயம் ஒன்று இருக்கிறது. தொனியை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனேன். எனக்கு 16,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டது. சித்தப்பா 9,000-லேயே, "நின்னுபோச்சா?" என்றார். நிற்கவில்லை. எனக்குக் காது கூசியது. வயதானால் மேல்தொனி குறையும் என்று பாடத்தில் இருக்கிறது, ஆனால் அவருக்கு 41 வயதுதான். அவர் வழக்கமாக வைக்கும் சத்தத்தை அளந்தேன். 94 காட்டியது. அமெரிக்காவின் நியோஷ் என்ற அரசு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் 1 மணி நேரம். போன் கொஞ்சம் தப்பாகக் காட்டியிருந்தாலும், சித்தப்பா ஓட்டுவது தினம் ஆறேழு மணி நேரம்.

அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வால்யூம் 18-ல் வைத்தால் 78 காட்டுகிறது என்று கண்டுபிடித்து, "18" என்று எழுதி டாஷ்போர்டில் ஒட்டினேன். கல்யாண சவாரிக்கு மட்டும் 22 வைப்பேன் என்கிறார். காது டாக்டரிடம் போகச் சொல்லிச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். நீல லைட்டைக் கழற்ற மட்டும் விடமாட்டாராம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி