அந்த உறைக்குள் என்ன துப்பாக்கி?

பழவேற்காடு படகுத்துறை. விடிந்தும் விடியாத நேரம். இறால், நண்டு, மடவை என்று கூடை கூடையாக இறங்குகிறது. ஏலக் குரல் காதைப் பிளக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நடந்து போகிறார். எல்லார் கண்ணும் இறால் மேல். என் கண் மட்டும் அவர் இடுப்பு உறை மேல்! உள்ளே இருப்பது என்ன துப்பாக்கி? ஏன் அந்த அளவு? வாங்க, துப்பாக்கித் தேர்வின் அடுப்படிக்கே போய்ப் பார்த்துவிடுவோம்!

முதல் ஆச்சரியம் இந்த ஊரிலேயே காத்திருக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்திரியா கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் அவர்கள் வெடிமருந்து தயாரித்து, கிழக்கிந்தியத் தீவுகளுக்கே கப்பலேற்றினார்கள்! அந்தக் கருமருந்துக்குக் குண்டை மிக வேகமாகத் தள்ளும் வலு கிடையாது. ஆகவே குண்டையே கனமாக்கினார்கள். மஸ்கெட் துப்பாக்கியின் குழல் சுமார் 19 மி.மீ. அகலம். 1884இல் பிரான்சில் புகையில்லா மருந்து வந்ததும் வேகம் ஏறியது, குழல் இளைத்தது. 1902இல் ஜெர்மனியில் பிறந்தது 9 மி.மீ. தோட்டா.

நம் போலீசாரிடம் நெடுங்காலம் இருந்தது .38 ரிவால்வர், பிறகு வந்தது 9 மி.மீ. பிஸ்டல். இதைக் கேளுங்கள்: .38 குண்டும் 9 மி.மீ. குண்டும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்! வித்தியாசம் வேகத்திலும் எண்ணிக்கையிலும். ரிவால்வரில் 6 ரவுண்டு. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை, பிரௌனிங் வடிவத்தில் செய்யும் 9 மி.மீ. பிஸ்டலின் மேகசினில் 13! ஆனால் ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். பிஸ்டல் சிக்கிக்கொண்டால் அதை விடுவிக்கக் கை பழகியிருக்க வேண்டும்.

சரி, தேர்வு எப்படி நடக்கிறது? எடை, நீளம், குறி தவறாமை, எத்தனை ரவுண்டு தாங்கும் என்று உள்துறை அமைச்சகம் தர விதிகளை வகுக்கிறது. 1970இல் தொடங்கிய போலீஸ் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகம் இதற்குத் துணை நிற்கிறது. அப்புறம் சோதனைகள்!

எனக்கு மிகப் பிடித்தது ஜெலட்டின் சோதனை. நோன்பு திறக்கும்போது வைக்கும் கடல்பாசியைப் போல ஒரு பெரிய பாளம், அதற்குள் சுடுகிறார்கள்! அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணக்குப்படி குண்டு 12 முதல் 18 அங்குலம்வரை போய் நிற்க வேண்டும். 1986இல் மயாமியில் நடந்த மோதலில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள், 9 மி.மீ. குண்டு ஒன்று எதிரியின் இதயத்தை எட்டாமல் நின்றிருந்தது. அதன்பின் எஃப்.பி.ஐ. பெரிய தோட்டாக்களுக்கு மாறியது. உதை அதிகம், குறி சிதறியது. குண்டின் வடிவமைப்பு தேறியபின், மறுபடி 9 மி.மீ.க்கே வந்து சேர்ந்தது!

18 அங்குலம் என்று மேல்வரம்பு எதற்கு? இந்த ஏலக் கூட்டத்தைப் பாருங்கள், புரியும். குறிவைத்த ஆளைத் துளைத்து வெளியேறும் குண்டு, அவருக்குப் பின்னால் கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவைத் தேடிப் போகும். ஓலைத் தடுப்பு அதை நிறுத்தாது.

கையும் முக்கியம். 13 ரவுண்டு அடங்கும் பிடி தடிமனாக இருக்கும். சிறிய கைக்கு விசை எட்டாமல் போகலாம். 1992இல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கிய தமிழகத்துக்கு இது பெரிய விஷயம். போதாததற்கு உப்புக்காற்று! கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் படகில் ஏறும் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துரு தின்றுவிடும்.

துறையோரம் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். இறாலுக்கு ஒரு கண்ணி அளவு, கொடுவாவுக்கு வேறொன்று. எது பிடிபட வேண்டும் என்பதோடு, எது தப்பிப் போக வேண்டும் என்பதையும் கண்ணிதான் தீர்மானிக்கிறது. 9 மி.மீ.யின் கணக்கும் அதுவே என்று தோன்றியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஏலம் முடிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு மீன்கூடைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். உறையின் பொத்தான் போட்டபடியே இருந்தது.