ஆலய வீதிக் கடைக்கு முகநூலில் ஒரு வாசல்

திருவிழாக் காலம் வந்துவிட்டால் ஜொகூர் பாரு, ஜாலான் உங்கு புவானின் தோற்றமே மாறிவிடுகிறது. அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானத்தின் அக்கம்பக்கத்தில் மாலை கட்டுவோரும், அர்ச்சனைப் பொருள் விற்போரும், பலகாரக் கடைக்காரர்களும், சேலை வணிகர்களும் இரவு பகல் பாராது உழைக்கின்றனர். ஆலயத்திற்கு வரும் அன்பர்களை நம்பி நடப்பவை இச்சிறு வணிகங்கள். கடையின் பெயர் ஊராருக்குத் தெரிவதற்கு விழா மலரில் ஒரு விளம்பரமும், தெய்வத் திருவுருவம் அச்சிட்ட நாட்காட்டியும், ஒரு நாள் உபயமும் முன்னாளில் போதுமானவையாக இருந்தன.

அந்த நம்பிக்கையை 2020ஆம் ஆண்டு அசைத்துவிட்டது. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன. கடற்பாலத்தின் வழியாகச் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த கூட்டமும் நின்றது. 2022 ஏப்ரல் 1ஆம் நாளன்றுதான் எல்லை பரவலாகத் திறந்துவிடப்பட்டது. வாசலைக் கடந்து செல்வோரை மட்டுமே நம்பியிருந்த கடைக்கு, அவர்களைத் தேடிச்செல்ல வேறு வழி இல்லாமற்போனது. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருந்த கடையோ புலனத்தின் வழி ஒரு செய்தி அனுப்பித் தன் தொழிலைத் தொடர முடிந்தது. சமூக ஊடகத்தின் தேவையை வணிகர்களுக்கு உணர்த்திய பாடம் இதுவேயாகும்.

பூக்கடையின் கணக்கு

முகநூலில் வணிகர்களுக்கென்று தனிப் பக்கம் தொடங்கும் வசதி 2007ஆம் ஆண்டில் வந்தது. பொருள்களின் படத்தையும் விலையையும் பட்டியலிட்டு வைக்க உதவும் வாட்ஸ்அப் பிசினஸ் 2018இல் அறிமுகமானது. இரண்டையும் கட்டணமின்றித் தொடங்கலாம். எனினும் பக்கம் தொடங்கிவிட்டால் மட்டும் வியாபாரம் பெருகிவிடாது. அதனை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்ற தெளிவு வேண்டும்.

பூக்கடையையே எடுத்துக்கொள்வோம். செவ்வந்தி கேமரன் மலையில் விளைகிறது. மல்லிகை தமிழகத்திலிருந்து விமானத்தில் வருகிறது. இன்று விற்காத பூ நாளைக்கு உதவாது. ஐம்பது மாலைக்குப் பூ வாங்கி நாற்பது மட்டுமே விற்றால், எஞ்சிய பத்து மாலைக்குப் போட்ட முதலும் உழைப்பும் விற்ற நாற்பதின் இலாபத்தைத் தின்றுவிடும். ஆகவே பூக்கடைக்காரருக்கு வேண்டியது பல்லாயிரம் பேரின் விருப்பக்குறி அன்று. தைப்பூசத்தன்று எத்தனை மாலை கட்ட வேண்டும் என்ற உறுதியான எண்ணிக்கையே ஆகும்.

அந்த எண்ணிக்கையை முகநூல் பக்கம் பெற்றுத் தரும். விழாவுக்குப் பத்து நாள் முன்னதாகவே மாலையின் அளவு, பூவின் வகை, விலை, முன்பதிவு முடியும் நாள், வந்து பெற்றுக்கொள்ளும் நேரம் ஆகியவற்றை அதில் அறிவித்துவிடலாம். சிறு முன்பணத்தை டூயிட்நவ் கியூஆர் வழியாகப் பெறலாம். பலகாரக் கடைக்கும், காவடி அலங்காரம் செய்பவருக்கும், ஜாக்கெட் தைப்பவருக்கும் இம்முறை பொருந்தும்.

பொதுவில் கொடுக்கும் வாக்கு

கடையில் சொன்ன விலை இருவருக்கு மட்டுமே தெரியும். பக்கத்தில் எழுதிய விலையை ஊரே பார்க்கிறது. பிறருடைய மாலையைப் படம் பிடித்துத் தம்முடையது போல் போடுவதும், விலையை மறைத்து "பி.எம். செய்யவும்" என்று எழுதுவதும் வாடிக்கையாளரிடம் ஐயத்தையே வளர்க்கும். விற்பவரின் பெயர், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, எல்லாச் செலவும் அடங்கிய முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் கைசேரும் காலம் ஆகியவற்றை வெளியிடும் கடமையை 2012ஆம் ஆண்டின் மின்வணிக விதிமுறைகள் இணைய விற்பனையாளர்களுக்கு ஏற்படுத்தின. வீட்டிலிருந்தே செய்யும் தொழிலாயினும் அதனை எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்வது அவசியம்.

கடை திறந்திருக்கும் நேரத்தையும் கவனித்தல் வேண்டும். ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி என்றிருந்த வார விடுமுறை, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என மாற்றப்பட்டது. பழைய நேரத்தைத் திருத்தாத பக்கத்தை நம்பிக் கூலாயிலிருந்து வருபவர் பூட்டிய கதவைக் கண்டால் மறுமுறை வருவாரா?

பக்கத்தைப் பின்தொடர்வோர் அனைவருக்கும் ஒவ்வொரு பதிவும் சென்றடைவதில்லை. கட்டண விளம்பரம் செய்வோர், தங்கள் பொருளைக் கொண்டு சேர்க்கக்கூடிய வட்டாரத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் செலவு வீணாகாது. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டு ஏட்டில் குறித்து வந்தால், விளம்பரத்திற்குக் கொடுத்த வெள்ளிக்குப் பலன் கிட்டியதா என்பது விளங்கும்.

ஆலயத்தின் மதிப்பும் அன்பர்களின் பங்கும்

1922இல் சிறு கோயிலாகத் தோன்றி, 2009இல் கண்ணாடிப் பணிகளால் புதுப்பொலிவு பெற்றது ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம். அங்கே ஒளிவீசும் சுவர்களைப் படமெடுக்காமல் திரும்புவோர் அரிது. படத்தின் வலிமை அத்தகையது. அதனாலேயே எச்சரிக்கையும் தேவை. பால்குடம் ஏந்துவோரையும் குழந்தைகளையும் அவர்தம் இசைவின்றி விளம்பரத்தில் காட்டுதல் முறையன்று. ஆலயமே தங்கள் கடையைப் பரிந்துரைப்பதாகத் தோன்றும்படி ஆலயத்தின் பெயரைப் பயன்படுத்துவதும் தகாது.

அன்பர்களுக்கும் ஒரு கடமை உண்டு. முன்பணம் கேட்கும் பக்கம் உண்மையானதுதானா என்று தொலைபேசியில் உறுதி செய்துகொண்ட பின்னரே பணம் அனுப்புதல் நலம். மோசடி என்று அறிந்தவுடன் 997 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும். பொருள் நன்றாக இருந்தால் அந்தப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுவது, விழா மலருக்கு விளம்பரம் கொடுத்து உதவும் அச்சிறு வணிகருக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.

தாயாருக்கு மாலை கட்டத் தெரியும். பிள்ளைக்குக் கைப்பேசி தெரியும். இருவரும் விழாவுக்கு முன் ஓர் இரவு ஒன்றாக அமர்ந்து, கட்டித் தர இயலும் மாலைகளை எண்ணி, அந்த அளவுக்கே முன்பதிவு ஏற்பார்களாயின், ஒப்புக்கொண்ட மாலை ஒப்புக்கொண்ட நேரத்தில் அன்பரின் கையில் இருக்கும். அடுத்த ஆண்டும் அவர் அக்கடையையே நாடி வருவார்.